12 ஆண்டு ஆடியவர், 8 ஆண்டு கேப்டன்... ஹெண்டர்சன் மீது லிவர்பூல் ரசிகர்களுக்கு ஏன் அவ்வளவு கோபம்?

ஜூன், ஜூலை வந்தால் போதும், ஐரோப்பியக் கால்பந்து ரசிகர்களுக்குத் தூக்கம் போய்விடும். சீசன் முடிந்திருக்கும், ஆட்டம் எதுவும் இருக்காது. ஆனாலும் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை போனை எடுத்துப் பார்ப்பார்கள். யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்ற டிரான்ஸ்ஃபர் செய்திகள்தான் காரணம். புதிதாக ஒருவர் வந்தால் கொண்டாட்டம். பத்துப் பன்னிரண்டு வருஷம் ஒரே ஜெர்ஸியில் பார்த்த ஒருவர் போனால்? வீட்டில் இருந்த ஒருத்தர் ஊரைவிட்டுப் போவது மாதிரி இருக்கும்.

அப்படிப் போகிறவர்களைப் பெரும்பாலும் கண்ணீரோடும் கைத்தட்டலோடும்தான் அனுப்பி வைப்பார்கள். எப்போதாவது சிலரை மட்டும் கோபத்தோடு அனுப்புவார்கள். 2023 ஜூலையில் லிவர்பூல் கேப்டன் ஜோர்டன் ஹெண்டர்சன் சவுதி அரேபியாவின் அல்-இத்திஃபாக் கிளப்புக்குப் போனபோது நடந்தது இந்த இரண்டாவது வகை. 12 ஆண்டு, 492 ஆட்டங்கள், கிட்டத்தட்ட எல்லாக் கோப்பைகளும். ஆனாலும் அவர் போன விதத்தைப் பல ரசிகர்களால் ஏற்க முடியவில்லை.

"வெறும் விளையாட்டுதானே, அவர் வேலை, அவர் சம்பளம், உங்களுக்கு என்ன வந்தது?" என்று கேட்டவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதுதான் இந்தக் கட்டுரை. அந்தக் கோபத்தில் ஒரு நியாயம் இருந்தது என்பது நம் கருத்து. ஆனால், அந்த நியாயம் பலர் நினைக்கும் இடத்தில் இல்லை.

யார் இந்த ஹெண்டர்சன்?

இங்கிலாந்தின் வடகிழக்கில் உள்ள சண்டர்லேண்ட் ஊர்க்காரர். சொந்த ஊர் கிளப்பில் ஆடிக்கொண்டிருந்தவரை 2011 ஜூனில் லிவர்பூல் வாங்கியது. அப்போது பயிற்சியாளர், லிவர்பூலின் ஜாம்பவான் கென்னி டால்கிலிஷ். ஹெண்டர்சனுக்கு அப்போது 21 வயதுகூட ஆகவில்லை.

வந்த புதிதில் ரசிகர்களுக்கு அவரைப் பிடிக்கவே இல்லை. நடுக்களத்தில் ஆட வேண்டியவர் பல ஆட்டங்களில் வலது ஓரத்தில் நிறுத்தப்பட்டார். "இவருக்கா இவ்வளவு விலை?" என்ற முணுமுணுப்பு கேட்டுக்கொண்டே இருந்தது. 2012-ல் புதிய பயிற்சியாளர் பிரெண்டன் ராட்ஜர்ஸ் வந்ததும், ஃபுல்ஹாம் கிளப்பின் கிளின்ட் டெம்ப்சியை வாங்குவதற்காக ஹெண்டர்சனை அங்கே அனுப்பிவிடலாம் என்ற பேச்சு வந்தது. "விருப்பமிருந்தால் போகலாம்" என்று அவரிடமே சொன்னார்கள். போக மாட்டேன், இங்கேயே இருந்து இடம் பிடிக்கிறேன் என்று மறுத்துவிட்டார்.

அங்கிருந்துதான் கதை மாறியது. 2014-ல் லிவர்பூல் லீக் பட்டத்தை நெருங்கிய நேரத்தில், மான்செஸ்டர் சிட்டிக்கு எதிரான ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் அவருக்குச் சிவப்பு அட்டை கிடைத்தது. அடுத்த மூன்று ஆட்டங்களுக்குத் தடை. அந்த மூன்றில் ஒன்று, ஸ்டீவன் ஜெரார்டு வழுக்கி விழுந்த அந்த செல்சி ஆட்டம். பட்டம் கைநழுவியது. "ஹெண்டர்சன் இருந்திருந்தா கதையே வேற" என்று இன்றும் சொல்லும் ரசிகர்கள் உண்டு. ஒரு காலத்தில் வேண்டாம் என்று ஒதுக்கப்பட்டவர், இல்லாதபோது தேடப்படும் ஆளாக மாறியிருந்தார்.

2015-ல் ஜெரார்டு விடைபெற்றதும் கேப்டன் பொறுப்பு இவருக்கு வந்தது. 2018-ல் கீவ் நகரில் சாம்பியன்ஸ் லீக் இறுதிப்போட்டியில் தோல்வி. 2019-ல் மாட்ரிட்டில் அதே கோப்பையைத் தூக்கினார். புற்றுநோயிலிருந்து மீண்ட அப்பாவை அன்று மைதானத்திலேயே கட்டிப்பிடித்து அழுத காட்சியைக் கால்பந்து பார்க்காதவர்கள்கூடப் பார்த்திருப்பார்கள். 2020-ல், 30 ஆண்டு காத்திருப்புக்குப் பிறகு லிவர்பூல் லீக் பட்டம் வென்றது. கொரோனா காலம் என்பதால் ஸ்டேடியத்தில் ரசிகர்கள் இல்லை. காலியாகக் கிடந்த கோப் கேலரியில் மேடை போட்டு அந்தக் கோப்பையைத் தூக்கியவரும் இவர்தான். நம்ம ஊரில் நள்ளிரவைத் தாண்டி விழித்திருந்து அதைப் பார்த்தவர்களில் நானும் ஒருத்தி. கோப்பையைத் தூக்கும் முன் அவர் காலைத் தட்டித் தட்டி ஆடும் அந்தச் சின்ன ஆட்டத்துக்காகவே காத்திருந்தோம்.

அவர் மாயாஜாலம் காட்டுகிற வீரர் இல்லை. ஓடுவார், கத்துவார், பக்கத்தில் இருப்பவரைத் தட்டிக்கொடுப்பார், திட்டுவார், மறுபடி ஓடுவார். மெஸ்ஸியைப் பார்த்து வியக்கலாம், அவ்வளவுதான். ஹெண்டர்சனைப் பார்த்தால், "நானும் உழைச்சா இப்படி வரலாம்" என்று தோன்றும். ரசிகர்கள் அவரை நெருக்கமாக உணர்ந்ததற்கு இதுதான் முதல் காரணம்.

களத்துக்கு வெளியிலும் கேப்டன்

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது. ஆட்டம் இல்லாத இடத்திலும் அவர் ரசிகர்கள் பக்கம் நின்றார்.

2020 ஏப்ரலில் கொரோனா உச்சத்தில் இருந்தபோது, பிரீமியர் லீக் அணிகளின் கேப்டன்களை எல்லாம் ஒன்று சேர்த்து, பிரிட்டனின் பொது மருத்துவச் சேவைக்கு வீரர்களே நிதி திரட்டும் முயற்சியை முன்னின்று நடத்தினார். 'பிளேயர்ஸ் டுகெதர்' என்று அதற்குப் பெயர். அந்தப் பணிக்காகவும் சேர்த்துத்தான் 2021-ல் அவருக்கு எம்.பி.இ. விருது அறிவிக்கப்பட்டது.

2021 ஏப்ரலில் இன்னொரு சோதனை. ஐரோப்பாவின் 12 பணக்கார கிளப்புகள் சேர்ந்து 'சூப்பர் லீக்' என்ற தனிப் போட்டியை அறிவித்தன. அதில் லிவர்பூலும் ஒன்று. பணக்காரர்கள் மட்டும் தங்களுக்குள் ஆடிக்கொள்ளும் திட்டம் இது என்று ரசிகர்கள் கொதித்தார்கள். அப்போது ஹெண்டர்சன் மற்ற கேப்டன்களோடு பேசினார். லிவர்பூல் வீரர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில், ஒரே வாசகத்தை வெளியிட்டு, "இது எங்களுக்குப் பிடிக்கவில்லை, நடக்கக் கூடாது" என்று தங்கள் முதலாளிகளுக்கு எதிராகவே சொன்னார்கள். இங்கிலாந்தின் ஆறு கிளப்புகளும் சில மணி நேரத்தில் பின்வாங்கின. சம்பளம் கொடுக்கிறவருக்கு எதிராக, டிக்கெட் வாங்குகிறவர் பக்கம் நின்ற கேப்டன் என்ற பெயர் அவருக்கு நிலைத்தது.

மூன்றாவது விஷயம்தான் இந்தக் கதையின் மையம். பிரீமியர் லீக்கில் தன்பாலின ஈர்ப்பாளர்களுக்கும் திருநர்களுக்கும் ஆதரவாக, அந்தக் காலத்தில் ஆண்டுதோறும் சில ஆட்டங்களில் வீரர்கள் வானவில் நிற ஷூ லேஸ் அணிந்தார்கள். கேப்டன்கள் வானவில் நிறப் பட்டையைக் கையில் கட்டினார்கள். பலர் கொடுத்ததை அணிந்துகொண்டு ஆடிவிட்டுப் போனார்கள். ஹெண்டர்சன் அதோடு நிற்கவில்லை. ஒரு மனிதர் ஒதுக்கப்படுவதைப் பார்த்தால் அவர் பக்கத்தில் தோளோடு தோள் நிற்க வேண்டும் என்ற கருத்தை கிளப்பின் ஆட்ட நாள் இதழில் எழுதினார். 2021 யூரோ கோப்பையின்போது, பாலின வேறுபாடு காரணமாக ஸ்டேடியத்துக்கு ஒப்பனையோடு வரவே பயந்த ஒரு ரசிகர், முதல் முறையாகத் தைரியமாக வந்து ஆட்டம் பார்த்ததைச் சமூக வலைதளத்தில் பகிர்ந்தார். அதற்கு ஹெண்டர்சனே பதில் எழுதினார். தன் கிளப்பையோ நாட்டையோ ஆதரிக்க யாரும் பயப்படக் கூடாது, கால்பந்து எல்லோருக்குமானது என்பது அதன் சாரம்.

யாரும் அவரைக் கட்டாயப்படுத்தி எழுத வைத்ததாகத் தெரியவில்லை. அவராகக் கொடுத்த வார்த்தை அது. அதை நம்பியும் இருந்தார்கள்.

2023 கோடையில் என்ன நடந்தது?

2022 டிசம்பர் கடைசியில் கிறிஸ்டியானோ ரொனால்டோ அல்-நஸ்ர் கிளப்புக்குப் போனதோடு சவுதி லீக் மீது உலகத்தின் பார்வை திரும்பியது. அடுத்த கோடையில் அங்கிருந்து பணம் வெள்ளமாகப் பாய்ந்தது. தம்மாம் நகரின் அல்-இத்திஃபாக் கிளப்புக்குப் பயிற்சியாளராக வந்தவர், ஹெண்டர்சனுக்கு முன்பு லிவர்பூல் கேப்டனாக இருந்த அதே ஸ்டீவன் ஜெரார்டு.

ஹெண்டர்சனுக்கு அப்போது 33 வயது. 2021-ல் போட்ட ஒப்பந்தப்படி 2025 வரை லிவர்பூலில் இருக்கலாம். ஆனால், மெக் அலிஸ்டர், சோபோஸ்லாய் என நடுக்களத்துக்குப் புது ஆட்கள் வந்துவிட்டார்கள். ஜெர்மனியில் நடந்த பயிற்சி முகாமின்போது, அங்கே ஆடிய நட்பு ஆட்டத்தில் அவர் சேர்க்கப்படவில்லை. ஜூலை கடைசி வாரத்தில் அறிவிப்பு வந்தது. சுமார் 1.2 கோடி பவுண்டு டிரான்ஸ்ஃபர் தொகை என்று செய்திகள் சொல்லின.

விடைபெற ஒரு கடைசி ஆட்டம் கிடைக்கவில்லை. ஆன்ஃபீல்டில் கைத்தட்டலும் இல்லை. ஒரு வீடியோவில் பேசினார். சாகும்வரை நான் லிவர்பூல்காரன்தான் என்ற அர்த்தத்தில் சொல்லிவிட்டுக் கிளம்பினார். அவ்வளவுதான்.

ஒரே கோடை, ஒரே நாடு, மூன்று பேர்

"பணத்துக்காகப் போனார், அதான் கோபம்" என்பது எல்லோரும் சொல்லும் காரணம். அது சரியா என்று பார்க்க எளிய வழி ஒன்று இருக்கிறது. அதே கோடையில் லிவர்பூலில் இருந்து சவுதிக்குப் போனவர் ஹெண்டர்சன் மட்டும் இல்லை.

ராபர்ட்டோ ஃபிர்மினோ. எட்டு ஆண்டு ஆடியவர். அல்-அஹ்லி கிளப்புக்குப் போனார். மே மாதம் ஆஸ்டன் வில்லாவுக்கு எதிரான தன் கடைசி ஆன்ஃபீல்ட் ஆட்டத்தில் மாற்று வீரராக இறங்கி, 89-வது நிமிடத்தில் சமன் செய்யும் கோலை அடித்தார். ஸ்டேடியமே எழுந்து நின்று பாடியது. அவர் அடுத்து எங்கே போகிறார் என்பது தெரிந்த பிறகும் அந்த அன்பு குறையவில்லை.

ஃபபின்யோ. ஐந்து ஆண்டு ஆடியவர். அல்-இத்திஹாத் கிளப்புக்கு 4 கோடி பவுண்டுக்குப் போனார். "நல்ல விலை, நன்றி, போய்ட்டு வா" என்ற அளவில் பேச்சு முடிந்தது.

மூன்று பேரும் போன நாடு ஒன்று. மூன்று பேருக்கும் கிடைத்தது பெரிய பணம். இரண்டு பேருக்கு நன்றி, ஒருவருக்கு மட்டும் கோபம். பணம்தான் காரணம் என்றால் மூன்று பேர் மீதும் கோபம் வந்திருக்க வேண்டும் இல்லையா?

எதிரி அணிக்குப் போன துரோகம் என்றும் இதைச் சொல்ல முடியாது. பார்சிலோனாவின் நடுக்கள நட்சத்திரம் லூயிஸ் ஃபிகோ 2000-ல் ரியல் மாட்ரிட்டுக்குப் போனாரே, அந்தக் கோபம் வேறு. 2002-ல் அவர் பார்சிலோனாவுக்கு ஆட வந்தபோது மைதானத்தில் பன்றித் தலையையே வீசினார்கள். அது ஜென்மப் பகை. அல்-இத்திஃபாக்குக்கும் லிவர்பூலுக்கும் எந்தப் பகையும் கிடையாது. ஒருவரையொருவர் எதிர்த்து ஆடப்போவதும் இல்லை.

அப்படியென்றால் ஹெண்டர்சனிடம் மட்டும் இருந்தது என்ன? அவர் கொடுத்திருந்த வார்த்தை.

வானவில் பட்டை சாம்பலானபோது

சவுதி அரேபியாவில் தன்பாலின உறவு குற்றம். மரண தண்டனை வரை போகக்கூடிய சட்டம் அங்கே இருக்கிறது. டிரான்ஸ்ஃபர் பேச்சு கிளம்பிய உடனேயே லிவர்பூலின் எல்ஜிபிடி ரசிகர் அமைப்பான 'கோப் அவுட்ஸ்' தங்கள் அதிர்ச்சியை வெளிப்படுத்தியது. "எங்களோடு நிற்பேன் என்று சொன்னவர், நாங்கள் நாங்களாக வாழ முடியாத நாட்டுக்குத் தன் முகத்தையும் பெயரையும் கொடுக்கிறாரே" என்பதுதான் அந்த வருத்தத்தின் அடிப்படை.

பிறகு வந்தது அந்த அறிமுக வீடியோ. அல்-இத்திஃபாக் வெளியிட்டதில் ஹெண்டர்சனின் பழைய லிவர்பூல் படம் ஒன்றும் இருந்தது. அவர் கையில் கட்டியிருந்த வானவில் பட்டை அதில் நிறம் போய், சாம்பலாகத் தெரிந்தது. அந்த ஒரு காட்சி போதுமானதாக இருந்தது. நிறம் போன அந்தப் பட்டையைச் சுட்டிக்காட்டி வந்த பதிவுகள் சமூக வலைதளங்களில் குவிந்தன.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பணக்கார நாடுகள் விளையாட்டில் பணம் கொட்டித் தங்கள் பெயரை வெளுக்கப் பார்க்கின்றன என்ற விமர்சனம் பல ஆண்டுகளாக இருக்கிறது. 'ஸ்போர்ட்ஸ்வாஷிங்' என்பார்கள். அதற்குப் பெரிய நட்சத்திரங்கள் மட்டும் போதாது, நல்லவர் என்று பெயரெடுத்தவர்களும் தேவை. ஹெண்டர்சனின் கால்களுக்கு மட்டும் அந்த விலை கொடுக்கப்படவில்லை என்றும், அந்த நல்ல பெயருக்கும் சேர்த்துத்தான் விலை என்றும் ரசிகர்கள் சந்தேகப்பட்டார்கள். அந்தப் பெயர் உருவானதில் அவரை நம்பிய ரசிகர்களுக்கும் பங்கு உண்டு. தங்களைக் கேட்காமல் தங்கள் பங்கும் சேர்த்து விற்கப்பட்டதாக அவர்கள் உணர்ந்ததில் ஆச்சரியம் இல்லை.

அவர் தரப்பு என்ன?

இரண்டு பக்கமும் கேட்க வேண்டும். 2023 செப்டம்பரில் 'தி அத்லெட்டிக்' தளத்துக்கு அவர் விரிவான பேட்டி கொடுத்தார்.

வாரம் 7 லட்சம் பவுண்டு சம்பளம் என்று வந்த செய்தி உண்மையில்லை என்றார். லிவர்பூலில் யாராவது ஒருவர் "நீ இருக்கணும்" என்று சொல்லியிருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது என்றார். தான் அங்கே தேவைப்படவில்லை என்ற உணர்வு வந்த பிறகுதான் யோசித்ததாகச் சொன்னார். எல்ஜிபிடி மக்களைக் காயப்படுத்தும் எண்ணம் தனக்கு ஒருபோதும் இல்லை, அவர்களின் கோபம் புரிகிறது, அவர்கள் அப்படி உணர்ந்ததற்கு வருந்துகிறேன் என்றார். பட்டையின் நிறம் மாற்றப்பட்டது தனக்கு முன்கூட்டித் தெரியாது என்றார். சவுதியில் வானவில் லேஸ் அணிவீர்களா என்ற கேள்விக்கு, அதை முற்றிலும் மறுக்க மாட்டேன், ஆனால் அந்த நாட்டின் மதத்தையும் கலாசாரத்தையும் அவமதிக்க விரும்பவில்லை என்ற ரீதியில் பதில் சொன்னார்.

இதில் ஒரு பகுதி மனசைத் தொடுகிறது. 12 வருஷம் உழைத்த இடத்தில், "இனிமே நீ தேவையில்லை" என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே உணர்த்தினால் எப்படி இருக்கும்? ஆபீஸ் போகிற எல்லோருக்கும் அது புரியும். இன்னொரு பகுதி இடிக்கிறது. தோளோடு தோள் நிற்பேன் என்று எழுதியவர், நிற்க வேண்டிய இடம் வந்தபோது "அங்கே கலாசாரம் வேற" என்கிறார். எளிதான ஊரில் மட்டும் நிற்கும் ஆதரவை ஆதரவு என்று சொல்ல முடியுமா?

விற்றவர்கள் எங்கே?

ரசிகர்களின் கோபத்தில் நமக்கு ஒரு குறை உண்டு. அது முழுக்க வீரர் மீதே விழுந்தது.

டிரான்ஸ்ஃபர் என்பது ஒருவர் மட்டும் எடுக்கும் முடிவு இல்லை. ஒப்பந்தம் முடியும் முன் ஒரு வீரர் போக வேண்டும் என்றால், அவருடைய கிளப் சம்மதித்து, விலை பேசி, கையெழுத்துப் போட வேண்டும். ஹெண்டர்சனின் ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு ஆண்டு பாக்கி இருந்தது. "கொடுக்க முடியாது" என்று லிவர்பூல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதே கோடையில் ஃபபின்யோவையும் சேர்த்து, இரண்டு நடுக்கள வீரர்களைச் சவுதிக்கு விற்றுப் பணம் வாங்கியது. வானவில் பட்டையைக் கொடுத்த, 'எல்லோருக்கும் இடமுண்டு' என்று பலகை வைத்த அமைப்புகளில் கிளப்பும் ஒன்று. அதை யாரும் பெரிதாகக் கேட்கவில்லை.

காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். கிளப்பைக் கோபித்தால் ரசிகர் எங்கே போவார்? வீரர் போய்விடுவார், கிளப் இருக்கும். அடுத்த சனிக்கிழமையும் அதே இருக்கையில்தான் உட்கார வேண்டும். அதனால், போகிறவர் தலையில் எல்லாவற்றையும் கட்டிவிடுவது வசதி. ஆனால், வசதியானதெல்லாம் நியாயமாகிவிடாது.

இதே லிவர்பூல் ரசிகர்கள் 2016-ல் டிக்கெட் விலையை 77 பவுண்டாக உயர்த்தும் திட்டத்தை எதிர்த்து, ஆட்டத்தின் 77-வது நிமிடத்தில் ஆயிரக்கணக்கில் எழுந்து வெளியேறினார்கள். உரிமையாளர்கள் திட்டத்தைக் கைவிட்டு மன்னிப்புக் கேட்டார்கள். கிளப்பைக் கேள்வி கேட்கத் தெரியாதவர்கள் இல்லை அவர்கள். 2023-ல் அந்தக் கேள்வி போதிய அளவுக்கு எழவில்லை.

பேசாதவர் தப்பித்தாரே?

இன்னொரு சங்கடமான கேள்வி இருக்கிறது. ஃபிர்மினோவும் ஃபபின்யோவும் ஏன் தப்பித்தார்கள்? ஹெண்டர்சன் மாதிரி முன்னால் வந்து நின்று எதையும் அவர்கள் பேசவில்லை. அதாவது, பேசியவருக்குத் தண்டனை, பேசாதவருக்குப் பாராட்டு. இதைப் பார்க்கிற 20 வயது இளம் வீரர் என்ன பாடம் கற்பார்? "வாயை மூடிக்கிட்டு ஆடிட்டுப் போறதே நல்லது" என்றுதானே?

இந்த ஆபத்து உண்மையானது. அதற்காக வார்த்தை தவறியதைக் கேட்காமல் விட முடியுமா என்பதே எதிர்க்கேள்வி. ஒரு கேப்டன் எழுதியதை நம்பி, முதல் முறையாக ஸ்டேடியத்துக்கு வரத் துணிந்தவர்கள் இருந்திருப்பார்கள். அவர்களுக்கு அது வெறும் ஷூ லேஸ் இல்லை. ஒரு இடத்துக்குள் பயமில்லாமல் நுழையலாம் என்ற அனுமதி. அந்த அனுமதியைக் கொடுத்தவரே பின்வாங்கும்போது, "நீ ஏன் செய்தாய்?" என்று கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. ஃபிர்மினோவிடம் அதைக் கேட்க முடியாது. அவர் அந்த வாக்கைக் கொடுக்கவில்லை.

ஆகவே, இளம் வீரர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது மௌனத்தை இல்லை. பேசும் முன், அதற்கு என்றாவது விலை கொடுக்க வேண்டி வரும் என்று தெரிந்து பேசுங்கள் என்பதுதான்.

கோபத்துக்கு எல்லை எது?

2023 அக்டோபர் 13. வெம்ப்ளியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான நட்பு ஆட்டம். இங்கிலாந்து ஜெர்ஸியில் ஆடிய ஹெண்டர்சன் இரண்டாம் பாதியில் வெளியே வந்தபோது, சொந்த நாட்டு ரசிகர்களில் ஒரு பகுதியினர் கூச்சலிட்டார்கள். பயிற்சியாளர் கேரத் சவுத்கேட் இது தனக்குப் புரியவில்லை என்றார்.

ஸ்டேடியத்தில் கூச்சல் போடுவது ரசிகர்களின் பழைய உரிமை. கைத்தட்டுகிற கைக்கு, தட்டாமல் இருக்கவும் உரிமை உண்டு. அதைத் தாண்டி குடும்பத்தைத் திட்டுவது, ஆளை மிரட்டுவது, 12 ஆண்டு உழைப்பே பொய் என்று எழுதுவது எல்லாம் வேறு கணக்கு. 2019-ம் 2020-ம் நடந்தவை. சூப்பர் லீக்கை எதிர்த்ததும் நடந்தது. மருத்துவச் சேவைக்கு நிதி திரட்டியதும் நடந்தது. ஒரு தவறான முடிவு பின்னோக்கிப் போய் அவற்றை அழித்துவிடாது. அதேபோல, அவையெல்லாம் சேர்ந்து இந்த முடிவைச் சரியாக்கிவிடவும் செய்யாது. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதி வைக்கத்தான் வேண்டும்.

இதற்கு லிவர்பூலிலேயே முன்னுதாரணம் உண்டு. 2005-ல் இஸ்தான்புல்லில் சாம்பியன்ஸ் லீக் வென்ற சில வாரங்களில், ஜெரார்டு செல்சிக்குப் போக விரும்பி டிரான்ஸ்ஃபர் கேட்டார். கோபத்தில் சிலர் அவர் பெயர் போட்ட ஜெர்ஸியை எரித்தார்கள். மறுநாளே அவர் மனசு மாறி அங்கேயே தங்கினார். பத்து ஆண்டு கழித்து 2015-ல் அமெரிக்காவின் எல்.ஏ. கேலக்ஸிக்குப் போனபோது, அதே ஊர் அவரைக் கண்ணீரோடு அனுப்பியது. எரித்தவர்களில் எத்தனை பேர் அன்று அழுதார்களோ!

அப்புறம் என்ன ஆச்சு?

சவுதி வாழ்க்கை நீடிக்கவில்லை. ஆறே மாதம்தான். 2024 ஜனவரியில் நெதர்லாந்தின் அயாக்ஸ் கிளப்புக்கு வந்தார். 2025 ஜூலையில் பிரென்ட்ஃபோர்டு கிளப்பில் சேர்ந்து பிரீமியர் லீக்குக்கே திரும்பினார். "இதுக்குத்தான் போனியா?" என்று கேலி செய்தவர்கள் உண்டு. ஆனால், ஆறு மாதத்தில் திரும்பியதால் மட்டும் அந்த நம்பிக்கை தானாகத் திரும்பிவிடாது. வானவில் பட்டையை நம்பியவர்களோடு அவர் செய்ய வேண்டிய உரையாடல் தனியானது. அதை அவரும் அவர்களும்தான் பேசி முடிக்க வேண்டும்.

அதே 2025 ஜூலையின் தொடக்கத்தில் லிவர்பூல் வீரர் டியோகோ ஜோட்டா, தன் தம்பி ஆந்த்ரே சில்வாவோடு ஸ்பெயினில் நடந்த கார் விபத்தில் இறந்துபோனார். மறுநாள் ஆன்ஃபீல்டுக்கு வெளியே ரசிகர்கள் பூக்களும் ஸ்கார்ஃபுகளும் வைத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே ஹெண்டர்சனும் வந்தார். மூன்று ஆண்டு தன் தலைமையில் ஆடிய பையனுக்காகப் பூ வைத்துவிட்டு, அழுதுகொண்டு நின்றார். அப்போது அவர் லிவர்பூல் வீரர் இல்லை, கேப்டனும் இல்லை.

அந்தப் படத்தைப் பார்த்தபோது, 2023-ல் நான் எழுதிய கோபமான ஸ்டேட்டஸ் ஒன்று ஞாபகம் வந்தது. அதை அழிக்கலாமா என்று யோசித்தேன். அழிக்கவில்லை. அன்று கேட்ட கேள்வி இன்றும் சரியான கேள்விதான். அதோடு, பூ வைக்க வந்தவரும் அதே ஹெண்டர்சன்தான்.

அடுத்த ஜூனில் வேறொரு கிளப்பின் வேறொரு கேப்டன் கிளம்புவார். கோபம் வரும், வரட்டும். ஜெர்ஸியை எடுத்து எரிப்பதற்கு முன் இரண்டு விஷயங்களை மட்டும் கேட்டுப் பார்க்கலாம். போகிறவர் நமக்கு என்ன வாக்குக் கொடுத்திருந்தார்? அவரை விற்று வந்த பணம் யாரிடம் போனது?